அண்ணா நகரில் ஒரு பல் மருத்துவமனை: சேவையும் கணக்கும்

மதுரை அண்ணா நகரில், பிரதான சாலையிலிருந்து சற்று உள்ளடங்கிய தெருவில், முதல் மாடியில் இயங்கிவரும் ஒரு பல் மருத்துவமனையைப் பற்றியது இந்த மதிப்புரை. கணவன், மனைவி இருவரும் மருத்துவர்கள். கணவர் வேர்ச் சிகிச்சையில் (ரூட் கெனால்) மேற்படிப்பு முடித்தவர். மனைவி பொதுப் பல் மருத்துவம் பார்ப்பதோடு நிர்வாகத்தையும் கவனித்துக்கொள்கிறார். மூன்று நாற்காலிகள், மூன்று உதவியாளர்கள், வரவேற்பில் ஒரு பெண்மணி என்ற அளவிலான இடம். பெயரைக் குறிப்பிடாமல் எழுதுவதற்குக் காரணம், இது விளம்பரமாகப் படிக்கப்பட்டுவிடக் கூடாது என்பதுதான். மேலும், அங்கே நான் கண்ட நல்ல நடைமுறைகளில் ஒன்றுகூட மற்ற மருத்துவர்களால் செய்ய முடியாதது இல்லை.

நான் வங்கியில் சிறுதொழில் கடன் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன். மருத்துவர்கள் கருவி வாங்கக் கடன் கேட்டு வரும்போது அவர்களுடைய வரவு செலவைப் படித்துப் பார்ப்பது என் வேலையாக இருந்தது. அந்தப் பழக்கத்தால், ஒரு கிளினிக்கில் போய் உட்கார்ந்தால் வைத்தியம் நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதோடு, இந்த இடம் எப்படி நிலைத்து நிற்கிறது என்றும் யோசிக்கிறேன். என் மனைவிக்கு வேர்ச் சிகிச்சை, மேலூரில் இருக்கும் அக்காவுக்குப் பல் எடுத்ததும் செயற்கைப் பல் வைத்ததும், பேத்திக்குச் சொத்தைத் தடுப்பு, எனக்குப் பல் சுத்தம் என்று குடும்பமே அங்கே போய் வந்ததில், அந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றாகவே இருப்பதைக் கண்டேன். நோயாளியின் நேரத்தை மதிப்பதற்காக அவர்கள் செய்யும் காரியங்களே அவர்களுடைய வருமானத்தையும் காப்பாற்றுகின்றன.

முதலில் தொலைபேசியைச் சொல்ல வேண்டும். பல கிளினிக்குகளில் அழைத்தால் "வாங்க, டாக்டர் இருக்கிறார்" என்ற ஒரே பதில்தான் கிடைக்கும். போனால் டோக்கன் கொடுத்து உட்கார வைப்பார்கள். இங்கே வரவேற்பில் இருப்பவர் சில கேள்விகளைக் கேட்கிறார். வலி இரவுத் தூக்கத்தைக் கெடுக்கிறதா, கன்னத்தில் வீக்கம் இருக்கிறதா, சர்க்கரை அல்லது இரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறீர்களா, இதய நோய்க்காக இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுத்துக்கொள்கிறீர்களா, எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்பவை அந்தக் கேள்விகள். கடைசிக் கேள்வி எனக்கு முதலில் வியப்பாக இருந்தது. மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி பக்கமிருந்து வருபவர்களுக்குக் காலை பதினொரு மணிக்கு மேல், மாலைக்குள் திரும்பிவிடும்படியாக நேரம் கொடுக்கிறார்கள். உள்ளூர்க்காரர்களுக்கும் அலுவலகம் போகிறவர்களுக்கும் காலையின் முதல் நேரங்களும் மாலையும். தாங்க முடியாத வலியோடு அழைப்பவர்களுக்கென்று ஒவ்வொரு நாளும் காலையில் ஒரு மணி நேரத்தையும் மாலையில் ஒரு மணி நேரத்தையும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறார்கள். அதனால் அவசர நோயாளி இடையில் நுழைந்து மற்றவர்களின் நேரத்தைக் கலைப்பதில்லை.

கொடுத்த நேரத்துக்கு உள்ளே அழைத்துவிடுகிறார்கள். கொஞ்சம் தாமதமானால் வரவேற்பில் இருப்பவர் எழுந்து வந்து, எவ்வளவு நேரமாகும் என்று சொல்லி, "உட்காருகிறீர்களா, கடைக்குப் போய்விட்டு வருகிறீர்களா அண்ணே?" என்று கேட்கிறார். கேட்டால் சிறியதாகத் தெரியும். தாடையைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இதன் பின்னுள்ள கணக்கை விளக்கியாக வேண்டும், ஏனென்றால் இளம் பல் மருத்துவர்கள் பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். ஒரு நாற்காலி ஒரு நாளில் எட்டு மணி நேரம் வேலை செய்ய முடியும் என்று வைத்துக்கொள்வோம். வாடகை, சம்பளம், மின்கட்டணம், கருவிக் கடனுக்கான மாதத் தவணை ஆகியவை நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கும். இவற்றை ஈடுகட்டவே அந்த எட்டில் ஐந்து மணி நேரம் போய்விடுகிறது என்றால், மருத்துவரின் கைக்கு மிஞ்சுவது மீதி மூன்று மணி நேரத்தின் வரவு மட்டுமே. இப்போது, நேரம் வாங்கியவர்கள் வராமல் போனதால் இரண்டு மணி நேரம் வீணாகிறது என்று கொள்ளுங்கள். நாற்காலி முக்கால் பங்கு நேரம் வேலை செய்திருந்தாலும் லாபம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். கடன் விண்ணப்பங்களில் இந்தச் சுருக்கத்தை அடிக்கடி பார்த்திருக்கிறேன். கூட்டம் குறையாத கிளினிக்கில் மாதக் கடைசியில் தவணை கட்டப் பணம் இருக்காது. மருத்துவர் காரணம் புரியாமல் கட்டணத்தை உயர்த்துவார், அல்லது புதிதாக ஒரு கருவி வாங்கி அதன் செலவை ஈடுகட்டத் தேவையற்ற சிகிச்சைகளைச் சொல்லத் தொடங்குவார். இரண்டுமே நோயாளியை விரட்டும்.

மதுரைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு புதிதாக இருக்கக் கூடாது. இதே அண்ணா நகரில் இருக்கும் அரவிந்த் கண் மருத்துவமனையை, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கினார். கட்டணம் செலுத்துபவர்களின் வரவில், செலுத்த முடியாதவர்களுக்கும் அறுவை சிகிச்சை செய்து, அதே சமயம் தன் காலிலேயே நிற்கும் நிறுவனமாக அது வளர்ந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று, அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள் என்ற ஏற்பாடு. ஒரு மேசையில் சிகிச்சை நடக்கும்போது அடுத்த மேசையில் செவிலியர்கள் அடுத்தவரைத் தயார்படுத்திவிடுவதால், மருத்துவரின் கைகள் காத்திருப்பதில்லை. நான் எழுதும் பல் மருத்துவமனையில் மூன்று நாற்காலிகளை இரண்டு மருத்துவர்கள் பயன்படுத்தும் விதத்தில் இதே சிந்தனையைப் பார்க்கிறேன். கீழ்த்தாடையில் மரத்துப்போகும் ஊசி போட்டால் அது முழுதாக வேலை செய்யச் சில நிமிடங்கள் ஆகும். அந்த நிமிடங்களில் மருத்துவர் அடுத்த நாற்காலியில் இருப்பவரின் தையலைப் பிரிக்கிறார் அல்லது எக்ஸ்ரேயை விளக்குகிறார். ஆனால் கண்புரை அறுவையைப் போலப் பல் சிகிச்சையைச் சில நிமிடங்களில் முடிக்க முடியாது. கடைவாய்ப் பல்லின் வேர்ச் சிகிச்சை முக்கால் மணி, ஒரு மணி என்று இழுக்கும். எண்ணிக்கையைப் பெருக்கி லாபம் பார்க்கும் வழி பல் மருத்துவருக்குக் கிடையாது. கையில் இருக்கும் மணி நேரங்களை வீணாக்காமல் இருப்பதுதான் அவருக்குள்ள வழி.

வராமல் போகிறவர்களை இவர்கள் எப்படிக் குறைத்தார்கள் என்பதில் உள்ளூர் அறிவு நிறைய இருக்கிறது. வரவேற்பு மேசையில் தமிழ்த் தினசரி நாள்காட்டி ஒன்று தொங்குகிறது. முகூர்த்த நாளில் நீண்ட சிகிச்சைகளுக்கு நேரம் கொடுப்பதில்லை. கொடுத்தால் பாதிப் பேர் கல்யாணத்துக்குப் போய்விடுவார்கள் என்பது அவர்களுடைய அனுபவம். சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவை நாளிலும் அழகர் ஆற்றில் இறங்கும் நாளிலும் தல்லாகுளம், கோரிப்பாளையம் முதலாக வடகரைச் சாலைகளில் வண்டி நகராது என்பதால், அந்த நாட்களுக்கு முன்பே கேப் (பல்லின் மேல் மாட்டும் செயற்கை உறை) பொருத்த வேண்டியவர்களை அழைத்து வேலையை முடித்துவிடுகிறார்கள். முந்தைய நாள் மாலையில் ஒவ்வொருவருக்கும் ஒரு தொலைபேசி அழைப்பு போகிறது. அந்த அழைப்பில் நினைவூட்டலோடு சேர்த்து, "நாளைக்குக் காலையில் சாப்பிட்டுவிட்டு, மாத்திரையையும் போட்டுக்கொண்டு வாருங்கள் அம்மா" என்பது போல அந்த நோயாளிக்கு உரிய ஒரு குறிப்பையும் சொல்கிறார்கள். வர முடியாது என்று அப்போதே சொல்லிவிடுபவர்களை யாரும் கடிந்துகொள்வதில்லை. அந்த நேரம் உடனே காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் இன்னொருவருக்குப் போகிறது. முன்பணம் வாங்கிக்கொண்டு வராதவர்களிடம் பிடித்துக்கொள்ளும் முறையைவிட இது மேலானது என்பது என் கருத்து. அபராதத்துக்கு அஞ்சுகிறவர் அடுத்த முறை நேரமே வாங்க மாட்டார்.

சிகிச்சைக்கு வருகிறேன். என் மனைவிக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் காபி குடித்த பிறகும் நெடுநேரம் நீடிக்கும் கூச்சம் இருந்தது. மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துத் திரையில் பெரிதாகக் காட்டி, சொத்தை பல்லின் நரம்பு அறைவரை போயிருப்பதை விரலால் தொட்டுக் காண்பித்தார். பல்லை எடுத்துவிடுவது, வேர்ச் சிகிச்சை செய்து கேப் போடுவது என்ற இரண்டு வழிகளையும் சொல்லி, எடுத்துவிட்டால் பிற்பாடு எதிர்ப்பல் இறங்குவதும் பக்கத்துப் பல் சாய்வதும் எப்படி நிகழும் என்று விளக்கினார். வேர்ச் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல் சொத்தையால் ஏற்கெனவே உள்ளீடு இழந்து பலவீனமாக இருப்பதால், கேப் போடாமல் விட்டால் கடிக்கும்போது பிளந்துபோக வாய்ப்பு அதிகம் என்பதையும் அப்போதே சொன்னார். பலர் செய்யும் தவறு இங்கேதான் நடக்கிறது. முதலில் வேர்ச் சிகிச்சைக்கு மட்டும் ஒரு தொகையைச் சொல்லி, வேலை முடிந்தபின் கேப் என்று இன்னொரு தொகையைச் சொல்லும்போது, நோயாளி ஏமாற்றப்பட்டதாகவே உணர்கிறார்.

இங்கே பேச்சு முடிந்ததும் ஒரு தாளை அச்சிட்டுக் கொடுத்தார்கள். அது தமிழில் இருந்தது. எந்தப் பல், என்ன சிகிச்சை, எத்தனை முறை வர வேண்டும், ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் ஆகும், எவ்வளவு பணம் என்று முழுவதும் எழுதியிருந்தது. வேர்ச் சிகிச்சைக்கு 4,500 ரூபாய். கேப்பில் உலோகத்தின் மேல் செராமிக் பூசியது என்றால் 4,000, ஜிர்கோனியா என்ற உறுதியான வெள்ளைப் பீங்கான் என்றால் 8,000. எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டதற்கு, பின்புறப் பல் என்பதால் சிரிக்கும்போது தெரியாது, விலை குறைந்ததே போதும், வேறுபாடு இன்னது என்று சொல்லிவிட்டு முடிவை எங்களிடம் விட்டார். இந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துப்போய் யோசிக்கச் சொன்னார்கள். அன்றே தொடங்கினால் சலுகை என்ற பேச்சே எழவில்லை. அந்தத் தாளில் இல்லாத ஒரு ரூபாய்கூடப் பிறகு கேட்கப்படவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

சிகிச்சை வலியில்லாமல் நடந்தது. பல்லைச் சுற்றி ரப்பர் திரை ஒன்றைப் பொருத்தி, உமிழ்நீர் உள்ளே போகாமலும், வேரைக் கழுவும் மருந்து தொண்டைக்கு இறங்காமலும் தடுத்துவிட்டே வேலையைத் தொடங்கினார். பாடப் புத்தகம் வலியுறுத்தும் இந்த ஏற்பாட்டை நேரமாகும் என்று பலர் தவிர்த்துவிடுகிறார்கள். உதவியாளர் பக்கத்தில் அமர்ந்து, கேட்பதற்கு முன்பே அடுத்த கருவியை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தார். வலித்தால் இடது கையை உயர்த்தும்படி முதலிலேயே சொல்லியிருந்தார்கள். ஒருமுறை என் மனைவி கையை உயர்த்தியபோது உடனே நிறுத்திவிட்டு, இன்னும் கொஞ்சம் மருந்து ஏற்றிய பிறகே தொடர்ந்தார். உயர்த்திய கைக்கு மதிப்பு இருக்கிறது என்று தெரிந்தவுடன் நோயாளியின் உடல் தளர்ந்துவிடுகிறது, மருத்துவரின் வேலையும் விரைவாகிறது.

கருவிகளின் தூய்மையைப் பற்றி விரிவாகச் சொல்வது அவசியம் என்று கருதுகிறேன். வாயில் வைக்கும் கருவி இரத்தத்தைத் தொடுகிறது. மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி போன்ற கிருமிகள் அதன் வழியே ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போக முடியும். வெந்நீரில் போட்டு எடுப்பதோ, மருந்துத் தண்ணீரில் சிறிது நேரம் ஊற வைப்பதோ போதாது. ஆட்டோகிளேவ் என்ற கருவியில் அழுத்த நீராவியில் 121 டிகிரி செல்சியஸில் 15 நிமிடமாவது வைக்க வேண்டும், அல்லது 134 டிகிரியில் அதைவிடக் குறைந்த நேரம். இந்த மருத்துவமனையில் ஒவ்வொருவருக்கும் உரிய கருவிகள் தனித்தனி உறையில் மூடி, நீராவியில் வைக்கப்பட்டு, உறையின் மேலுள்ள அடையாளம் நிறம் மாறியிருப்பதைக் காட்டிய பிறகே நம் கண் எதிரில் கிழிக்கப்படுகின்றன. இதற்காக நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கருவித் தொகுதிகளை நிறைய வாங்கி வைத்திருக்கிறார்கள். முதலீடு கூடுதலாகப் போட்டதுதான். ஆனால் அதனால் அவசரத்தில் பாதியில் நீராவியை நிறுத்தும் நிலையும், கருவி தயாராகவில்லை என்று நோயாளியைக் காக்க வைக்கும் நிலையும் அவர்களுக்கு வருவதில்லை. உள்ளறையில் 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளின்படி மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறம் பிரித்த தொட்டிகள் வைக்கப்பட்டிருப்பதையும் பார்த்தேன். எந்தப் பல் மருத்துவமனைக்குப் போனாலும், "உறையை என் முன்னால் பிரியுங்கள்" என்று கேட்கத் தயங்காதீர்கள். ஒழுங்காக நடத்துகிற மருத்துவர் அதற்கு வருத்தப்பட மாட்டார்.

மேலூர் அக்காவின் சிகிச்சையில்தான் இவர்கள் மேல் எனக்கு முழு நம்பிக்கை ஏற்பட்டது. அவருக்கு நீண்ட காலமாகச் சர்க்கரை. ஈறு வீங்கி, கீழ்ப்புறப் பற்கள் சில ஆடிக்கொண்டிருந்தன. அதற்கு முன்பு போன ஓரிடத்தில், எடுத்த எடுப்பிலேயே எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, தாடை எலும்பில் திருகு பதித்து அதன் மேல் பல் வைக்கும் இம்பிளான்ட் போட்டுக்கொள்ளலாம் என்று பெரிய தொகை ஒன்றைச் சொல்லியிருந்தார்கள். இங்கே மருத்துவர் முதலில் எச்பிஏ1சி என்ற மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைப் பரிசோதனையைக் கேட்டார். அளவு அதிகமாக இருந்தது. ஈறு நோய் இருந்தால் சர்க்கரை கட்டுப்படுவது கடினம், சர்க்கரை கட்டுப்படாவிட்டால் ஈறு நோய் ஆறுவது கடினம் என்று இரண்டுக்கும் உள்ள தொடர்பைப் பொறுமையாக விளக்கி, அவருடைய பொது மருத்துவருக்கு ஒரு கடிதமும் எழுதினார். இம்பிளான்டின் டைட்டேனியம் திருகைத் தாடை எலும்பு பற்றிக்கொண்டு இறுகச் சில மாதங்கள் தேவை. இந்தச் சர்க்கரை அளவில் அதைச் செய்தால் தோற்றுப்போக வாய்ப்பு அதிகம், இப்போதைக்கு வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். ஈறுகளை ஆழமாகச் சுத்தம் செய்து, காப்பாற்ற முடியாத பற்களை மட்டும் இடைவெளி விட்டு எடுத்து, கழற்றி மாட்டும் பல் செட் வைத்துக் கொடுத்தார். பெரிய வரவு ஒன்றை வேண்டாம் என்று விட்டது அந்த நாளின் கணக்கில் இழப்புதான். ஆனால் அக்காவின் தெருவிலிருந்து இன்று எத்தனை குடும்பங்கள் பேருந்து ஏறி மாட்டுத்தாவணியில் இறங்கி இங்கே வருகின்றன என்பதைப் பார்க்கும்போது, எந்த விளம்பரச் செலவாலும் அதை வாங்கியிருக்க முடியாது என்று ஒரு பழைய கடன் அதிகாரியாகச் சொல்ல முடியும்.

பல் எடுத்த அன்றைக்கு இரவு ஏழரை மணிக்கு அந்த மருத்துவரே அக்காவை அழைத்துப் பேசினார். இரத்தம் நின்றுவிட்டதா, பஞ்சை எடுத்தாயிற்றா, சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு, மறுநாள் வரை வாயைக் கொப்பளிக்கவோ பலமாகத் துப்பவோ கூடாது, உறிஞ்சு குழாயில் எதையும் குடிக்கக் கூடாது என்று மீண்டும் நினைவுபடுத்தினார். குழியில் உறைந்த இரத்தக் கட்டி கலைந்தால் சில நாளில் கடும் வலி தொடங்கும். அது வந்தால் ஒரு நாற்காலி நேரத்தை இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். இரண்டு நிமிடப் பேச்சு அந்த நேரத்தை மிச்சப்படுத்துகிறது. அக்காவுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. டாக்டரே போன் பண்ணிக் கேட்டார் என்பதை அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கட்டணம் மதுரையின் நிலவரத்துக்கு நடுத்தரமானது. மிக மலிவான இடம் என்று சொல்ல மாட்டேன். பரிசோதனைக்கு 300 ரூபாய், பல் சுத்தத்துக்கு 1,000. பல் நோய்களுக்கான சிகிச்சைக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பதால் பில்லில் வரி சேர்க்கப்படுவதில்லை. பலரும் அறியாத மறுபக்கம் ஒன்று உண்டு: மருத்துவர் தாம் வாங்கும் கருவிக்கும் பொருட்களுக்கும் கட்டிய வரியை, மற்ற வணிகர்களைப் போலத் திரும்பப் பெற முடியாது. அது முழுவதும் அவர் தலையில் விழுகிறது. காப்பீட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் விபத்தில் அடிபட்ட பல்லைத் தவிர மற்றதற்குப் பணம் கொடுப்பதில்லை. ஆக, நோயாளியும் முழுத் தொகையைத் தம் கையிலிருந்தே எடுக்க வேண்டும். இந்த இரண்டு நெருக்கடிகளுக்கும் நடுவில் இவர்கள் கண்ட வழி, சிகிச்சையின் கட்டங்களை ஒட்டிப் பணத்தைப் பிரித்து வாங்குவது. தனியார் கடன் நிறுவனத்தை இடையில் நுழைத்து வட்டிக்குத் தவணை வாங்கித் தரும் வழக்கத்தை இவர்கள் பின்பற்றவில்லை. எந்த வகையிலும் தாங்க முடியாதவர்களிடம், அரசு இராசாசி மருத்துவமனையின் பல் பிரிவையும் நகரிலுள்ள பல் மருத்துவக் கல்லூரிகளையும் சொல்லி, எக்ஸ்ரேயின் நகலோடு சீட்டும் எழுதிக் கொடுத்து அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன்.

பேத்தியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆறு வயதை ஒட்டிப் பால் பற்களுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப் பல் நிரந்தரப் பல். எந்தப் பால் பல்லும் விழாமலே அது முளைப்பதால், பெற்றோர் பலர் அதையும் விழப்போகும் பல் என்று எண்ணிக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அதன் மேற்புறப் பள்ளங்களில் சொத்தை விழாமல் இருக்கப் பூச்சு ஒன்றைப் பூசினார்கள். முதல் முறை குழந்தையை நாற்காலியில் ஏற்றி இறக்கிப் பழக்கியதோடு அனுப்பிவிட்டு, அதற்குப் பணம் வாங்கவில்லை.

ஊழியர்கள் மாறாமல் இருப்பது இந்த இடத்தின் பெரிய பலம். சிறிய கிளினிக்குகளில் உதவியாளர்கள் வேலை பழகியதும் கூடுதல் சம்பளத்துக்கு வேறிடம் போய்விடுவதும், மருத்துவர் மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொடுப்பதும் வழக்கம். இங்கே சம்பளத்தோடு, கல்யாணம், பிள்ளைப்பேறு போன்ற தேவைகளுக்கு விடுப்பும் முறையாகக் கிடைக்கிறது என்று உதவியாளர் ஒருவர் சொன்னார். யாருக்கும் இத்தனை கேப் விற்க வேண்டும் என்ற இலக்கு கிடையாது. பல்லில் அடைத்தது ஓராண்டுக்குள் பெயர்ந்தால் இலவசமாக மறுபடி அடைக்கிறார்கள் என்ற விதியை, மருத்துவரைக் கேட்காமலே வரவேற்பில் இருப்பவர் நிறைவேற்றலாம். குறையோடு வருபவர் வாசலிலேயே சமாதானமாகிவிடுகிறார்.

குறைகளும் உண்டு. படிக்கட்டு செங்குத்தானது, லிப்ட் இல்லை. மூட்டு வலியுள்ள பெரியவர்களே பல் செட்டுக்கு வருகிறவர்கள் என்னும்போது இது சின்னக் குறை இல்லை. என் அக்கா ஒவ்வொரு முறையும் பாதியில் நின்று மூச்சு வாங்கினார். தரைத்தளத்தில் ஒரு சிறு அறை எடுத்து, ஒரு நாற்காலியையாவது கீழே கொண்டுவர வேண்டும் என்று மருத்துவரிடம் நேரிலேயே சொல்லியிருக்கிறேன். தாடையின் முப்பரிமாண ஸ்கேன் இங்கே இல்லாததால் வெளியே அனுப்புகிறார்கள். வெளியூர்க்காரர்களுக்கு அது ஒரு நாள் அலைச்சல். ஆயினும் அந்தக் கருவியை வாங்கித் தவணைக்காக எல்லோருக்கும் ஸ்கேன் எழுதுவதைவிட இது நேர்மையானது என்பதால் இதை நான் பெரிதாகக் குறை சொல்லவில்லை. சிகிச்சைக்கு முன் கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவம் மட்டும் இன்னும் ஆங்கிலத்தில் இருக்கிறது. கட்டண விவரத்தைத் தமிழில் கொடுப்பவர்கள் இதை ஏன் விட்டுவைத்தார்கள் என்று தெரியவில்லை. உடனே மாற்ற வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய குறை சனிக்கிழமை மாலை. பற்களைச் சீரமைத்துக் கிளிப் போடும் நிபுணர் அன்று மட்டும் வருகிறார். அவரைப் பார்க்க வேண்டிய பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் அனைவருக்கும் ஒரே நேரத்தைக் கொடுத்துவிடுவதால், வரவேற்பறை நிரம்பிப் பிள்ளைகள் படிக்கட்டில் நிற்கிறார்கள். மற்ற நாட்களில் கட்டிக் காக்கும் நேர ஒழுங்கு அந்த மாலையில் குலைந்துபோகிறது. நிபுணர் பல கிளினிக்குகளுக்குப் போகிறவர், அவருடைய நேரம் தங்கள் கையில் இல்லை என்று விளக்கம் சொல்கிறார்கள். ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கிளிப்பை இறுக்கும் வேலை ஒருவருக்குக் கால் மணி நேரத்துக்குள் முடிவது. பிள்ளைகளைக் கால் மணி இடைவெளியில் வரச் சொல்வதற்கு நிபுணரின் தயவு தேவையில்லை. கிளிப் போட்ட பிள்ளை ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் மாதந்தோறும் வரும். அத்தனை காலம் ஒரு குடும்பத்தைப் படிக்கட்டில் நிற்க வைத்தால், மற்ற நாட்களில் சேர்த்த நல்லெண்ணம் அங்கே கரைந்துவிடும்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. கிளிப் தவிர வேறு வேலைக்குச் சனிக்கிழமை மாலையைத் தவிர்த்துவிடுங்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தொலைபேசியில் ஊரைச் சொல்லிக் காலை நேரம் கேட்டால், எக்ஸ்ரேயையும் முதல் கட்டச் சிகிச்சையையும் ஒரே நாளில் முடித்துத் தருகிறார்கள். சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும், பழைய எக்ஸ்ரே இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பல் எடுக்கப் போகிறோம் என்று தாமாக அதை நிறுத்திவிடாமல், முதலில் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் படிக்கட்டை மனத்தில் வைத்து, கொடுத்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே போய்விடுவது நல்லது.